மொட்டைக் கோபுரம் எங்கே, தம்பி?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாகத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் வாட்டர்கலரில் வரைந்து வருகிறேன். கண்ணெதிரே இருக்கிற ஊரை வரையும்போது எதை எல்லாம் மாற்றலாம், மாற்றியபின் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. வானொலியில் படம் காட்ட முடியாது, ஆனால் நான் சொல்லப்போகிற இடங்களில் நீங்களே பலமுறை நின்றிருப்பீர்கள், கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

மாற்றுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டு விசேஷத்தில் போட்டோ எடுக்கும்போது வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை ஓரமாகத் தள்ளிவிடுகிறோம் இல்லையா, அப்படித்தான் நானும் மின்கம்பியை எடுத்துவிடுவேன், ஃபிளெக்ஸ் பேனரை எடுத்துவிடுவேன், ஒரு வேப்பமரத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் தெரு நன்றாகத் திறக்கும் என்றால் நகர்த்துவேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பாட்டி.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு பேரன், பாட்டியின் பிறந்தநாளுக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். 1958இல் தாத்தாவும் பாட்டியும் கல்யாணம் முடிந்து குதிரை வண்டியில் ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் வந்து இறங்குகிற காட்சி. ஆசையாக வரைந்தேன். குதிரையின் கழுத்து மணி, வண்டிக்குள் பரப்பிய வைக்கோல், அதன்மேல் விரித்த ஜமுக்காளம், எல்லாம் விசாரித்து விசாரித்துப் போட்டேன். பின்னால் ராஜகோபுரத்தைப் பதிமூன்று நிலையோடு, ஒன்று விடாமல் நிறுத்தினேன். பேரனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வண்டி சரியா இருக்கு. இது எந்த ஊர் கோபுரம்?" என்றார். நம்ம ராஜகோபுரம்தான் பாட்டி என்றேன். "எங்க கல்யாணத்தப்போ அது மொட்டையால்ல நின்னுது? மொட்டைக் கோபுரம் எங்கே, தம்பி?"

திருச்சிக்காரர்களில் வயதானவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். விஜயநகர காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரம் அது, நானூறு வருடம் போல அப்படியே மொட்டையாக நின்றது. அகோபில மடத்தின் 44ஆவது ஜீயர் முன்னின்று கட்டி முடித்து, 1987இல்தான் குடமுழுக்கு நடந்தது. இன்று 236 அடி. அதாவது 1958இல் இல்லாத ஒன்றை, அதுவும் ஊரிலேயே பெரிய ஒன்றை, அழகுக்காக அந்தப் பாட்டியின் கல்யாண நாளில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அந்தப் படத்தை அவர் பேத்தியின் பிள்ளைகள் பார்த்தால் அப்படித்தான் இருந்தது என்று நம்பியிருப்பார்கள்.

திரும்ப வரைந்தேன். கோபுரம் குறைந்ததும் மேலே வானம் அகலமாகத் திறந்துகொண்டது, சாயங்கால வெளிச்சம் நேராக வண்டிமேல் விழுந்தது, படமே முன்னதைவிட நன்றாக அமைந்துவிட்டது. பாட்டி அந்த மொட்டைக் கல் நிலையின் அடியில் விரலை வைத்து, "இங்கதான் இறங்கினோம்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எதை மாற்றினாலும் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுகிறேன். மின்கம்பம் மூன்று நீக்கியது, வேப்பமரம் இடப்பக்கம் நகர்த்தியது, டீக்கடை பெயர்ப்பலகை விட்டது, தேதி. அவ்வளவுதான். இளம் ஓவியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதை மட்டும் மறக்க வேண்டாம், பின்பக்கம் எழுதுங்கள்.

இப்போது அம்மா மண்டபம் படித்துறையில் நில்லுங்கள். எதிரே காவிரி, அக்கரையில் மலைக்கோட்டை. ராஜகோபுரத்தைப் பார்க்க வேண்டுமானால் முதுகுப்பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் படித்துறை, ஆறு, மலைக்கோட்டை, ராஜகோபுரம் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடுக்கி வரைகிறார்கள். பக்திக்காக வரைகிறார்கள், வரையட்டும், நானும் கும்பிடுவேன். கீழே "அம்மா மண்டபத்திலிருந்து" என்று மட்டும் போடாமல் இருந்தால் நல்லது.

நானூறு வருடத்துக்கு முன்பே இதை நேர்மையாகச் செய்த ஒருவர் ஸ்பெயினில் இருந்தார், எல் கிரெக்கோ. டொலேடோ நகரை அவர் வரைந்த ஒரு படம் இன்று நியூயார்க்கில் இருக்கிறது, அதில் பெரிய தேவாலயத்தையே தூக்கி அரண்மனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார், அங்கே அது இல்லை. அப்புறம் 1610 வாக்கில் அதே ஊரை வரைந்த இன்னொரு படத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தை மேகத்தின்மேல் வைத்தார். ஆனால் அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு இளைஞன் ஊரின் வரைபடத்தை விரித்துப் பிடித்திருக்கிறான், அந்தத் தாளிலேயே காரணத்தையும் எழுதிவிட்டார்: கட்டடம் ஊர் வாசலை மறைத்தது, அதன் குவிமாடம் ஊரைவிட உயர்ந்து தெரிந்தது, அதனால் இடம் மாற்றினேன் என்று. நான் பின்பக்கம் எழுதுவதை அவர் முன்பக்கமே எழுதியிருக்கிறார்! அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். டேனியல்கள் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் இருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் நம் பக்கம் வந்து மதுரை, திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி, கேமரா அப்ஸ்குரா என்ற இருட்டுப்பெட்டி வழியாகக் கோடு பிடித்து வரைந்தவர்கள், பிறகு லண்டனில் அச்சிட்டார்கள். நம் ஊர்களின் பழைய தோற்றம் என்று இன்றும் எல்லோரும் அவர்கள் படங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். பெட்டி வழியாக வந்த கோடு எது, ஊருக்குத் திரும்பியபின் சேர்த்த வண்ணமும் வானமும் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்கு இன்று நேரமில்லை.

சரி, ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் ஊரை வரைந்த பழைய படம் இருந்தால் இந்த வாரமே இறக்கி, வீட்டில் வயதில் மூத்தவர் கையில் கொடுங்கள். அவர் "இது இங்கே இல்லையே" என்று எதைக் காட்டுகிறாரோ அதைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டு மறுபடி மாட்டுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். வணக்கம்.