தேவதூதனுக்குத் தொப்புள் இருக்கிறதா?

நடுவர் அவர்களே, எதிரணியின் பேராசிரியர் அம்மா அவர்களே, தம்பி அவர்களே, ஆடிக் கூட்ட நெரிசலில் பஸ் பிடித்து இங்கே வந்து சேர்ந்திருக்கும் சேலத்து மக்களே, வணக்கம்.

"மாய எதார்த்தக் கதையில் வரும் குறியீட்டுக்குப் பொருள் சொல்ல வேண்டியவர் அறிஞரா, வாசகரா?" என்பது தலைப்பு. அதிசயத்தை அன்றாடச் சங்கதிபோலச் சொல்வதுதான் மாய எதார்த்தக் கதை. வாசகர்தான் என்று பேச வந்திருக்கிறேன். இரண்டு அணிக்கும் ஒரே கதையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கொலம்பியா நாட்டின் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1968இல் எழுதிய, பெரிய சிறகுகள் கொண்ட தொண்டுக் கிழவனின் கதை.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நாள் அடைமழை, கடலோரத்தில் ஒரு வீடு. முற்றத்துச் சேற்றில் ஒரு கிழவன் குப்புற விழுந்து கிடக்கிறான். எழுந்திருக்க விடாமல் சிறகு தடுக்கிறது. வீட்டுக்காரன் பெலாயோவும் மனைவி எலிசெந்தாவும் அவனைக் கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். ஊர் திரண்டு வருகிறது. எலிசெந்தா ஆளுக்கு ஐந்து சென்ட் வசூலிக்கிறாள். (நம்ம ஊர் நிலக்கணக்கு இல்லை, காசு.) அந்தக் காசில் மாடி வீடு எழும்புகிறது. வருஷங்கள் போகின்றன. ஒருநாள் கிழவனுக்குப் புது இறகு முளைக்கிறது, பறந்து போய்விடுகிறான். சிறகுக்கு என்ன அர்த்தம் என்று ஆசிரியர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

லத்தீன் அமெரிக்க வரலாறும் கத்தோலிக்க மரபும் தெரியாதவர்கள் அந்தச் சிறகைத் தொடக்கூடாது என்றார்கள் பேராசிரியர் அம்மா. அழகான பேச்சு, நானும் கை தட்டினேன். அப்புறம்தான் இதே பேச்சைப் பேசும் ஒருவர் அந்தக் கதைக்குள்ளேயே இருப்பது நினைவுக்கு வந்தது. பாதிரியார் கொன்சாகா. கூண்டுக்குள் போய் லத்தீனில் வணக்கம் சொல்கிறார். கிழவனுக்கு லத்தீன் தெரியவில்லை. கடவுளின் பாஷை தெரியாதவன் தேவதூதனா? சந்தேகம் வந்துவிட்டது. பிஷப்புக்கு எழுதுகிறேன், அவர் மேலே எழுதுவார், கடைசியில் ரோமிலிருந்து தீர்ப்பு வரும் என்கிறார். ரோமிலிருந்து தீர்ப்பா வந்தது? கேள்விதான் வந்தது. அவனுக்குத் தொப்புள் இருக்கிறதா? அவன் பேச்சுக்கும் ஏசுநாதர் பேசிய அராமிக் மொழிக்கும் தொடர்பு உண்டா? குண்டூசித் தலையில் அவன் எத்தனை தடவை அடங்குவான்? ஒருவேளை சிறகு முளைத்த நார்வேக்காரனோ?

இவ்வளவு விசாரணையும் நடக்கும்போது அவனுக்கு என்ன சோறு போட்டார்கள் தெரியுமா? தேவதூதர்களுக்கு உரிய உணவு அந்துருண்டைதான் என்று விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவன் தொடவில்லை. கடைசியில் அவன் சாப்பிட்டது கத்திரிக்காய் மசியல் ஒன்றுதான். நம்ம பக்கத்துக் கடைசல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். விவரம் தெரிந்தவர் அவனுக்குச் சொன்னது அந்துருண்டை. அவன் வாயில் இறங்கியது கடைசல். எதிரணிக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். கிழவனைப் பார்க்க வந்த கூட்டம் திடீரென்று கலைகிறது. காரணம், ஊருக்குள் ஒரு சிலந்திப் பெண் வந்துவிட்டாள். உடம்பு சிலந்தி, தலை மட்டும் பெண். நம்ம ஆடிப் பொருட்காட்சிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் நாகக்கன்னியைப் பார்த்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. சிலந்திப் பெண்ணுக்குக் கட்டணம் குறைவு. கேள்வி கேட்டால் பதிலும் சொல்கிறாள்: அப்பா அம்மா பேச்சைக் கேட்காமல் நடனத்துக்குப் போனேன், மின்னல் தாக்கி இப்படி ஆகிவிட்டேன். கதை, காரணம், நீதி எல்லாம் ஒரே பொட்டலம். ஊர் அங்கே ஓடுகிறது. கிழவன் எதையும் சொல்வதில்லை. நமக்குப் புரியாத பாஷையில் முனகுகிறான், அவ்வளவுதான். எதிரணி கேட்பது இந்தச் சிலந்திப் பெண்ணை, நடுவர் அவர்களே. எங்களுக்குக் கிழவன் போதும்.

தம்பி ஒரு நல்ல அடி அடித்தார். மார்க்கேஸே குறியீடு தேடுகிறவர்களைக் கிண்டல் செய்திருக்கிறாரே என்றார். உண்மைதான். கர்னலைப் பற்றிய அவருடைய நாவலில் ஒரு சேவல் வரும். அது எதன் குறியீடு என்று அவர் மகனிடமே ஒரு நுழைவுத் தேர்வில் கேட்டார்கள். பொன்முட்டை இடும் சேவல் என்று எழுதிவிட்டு வந்தான் பையன். வாத்தியார் வைத்திருந்த விடை, ஒடுக்கப்பட்ட மக்களின் சக்தி. கர்னல் அந்தச் சேவலின் கழுத்தைத் திருகி சூப் வைப்பதாகத்தான் முடிக்க நினைத்திருந்தேன் என்று சொல்லிச் சிரித்தார் மார்க்கேஸ். தம்பி, அவர் சிரித்தது விடைத்தாளைப் பார்த்து. பையனைப் பார்த்து இல்லை.

அப்படியானால் யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா? கூடாது. எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் காட்ட வேண்டும். எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர் சிறகு என்றால் அமெரிக்க விமானம் என்றார். வரியைக் கேட்டோம், டீ குடிக்கப் போய்விட்டார்.

அதே கூட்டத்துக்கு ஒரு பாட்டி வருவார், பேத்திக்குத் துணையாக. எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் கதையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் குழந்தைக்கும் கிழவனுக்கும் ஒரே சமயத்தில் சின்னம்மை போடுகிற இடம் வந்தது. "நிறுத்து கண்ணு" என்றார் பாட்டி. "ரெண்டு பேருக்கும் அம்மை போட்டுச்சா? அப்ப அவன் வெளியாள் இல்ல. ஆத்தா ஒரே வீட்டு ஆளுகளுக்குத்தான் இப்படி இறங்குவா. வேப்பிலை சொருவுனாங்களா?"

அதுவரை நாங்கள் அந்நியன், அகதி, மற்றமை என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தோம். பாட்டிக்குக் கொலம்பியா எந்தத் திசை என்று தெரியாது. கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றத் தெரியும். ஆடித் திருவிழாவில் சாமி வேஷக்காரர்கள் வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையில், வேஷம் போட்டவர் இறங்கி வந்து டீ குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர், சேலம் குகைப் பகுதிக்காரர். சிறகு வைத்தவன் கோழிக்கூண்டில் கிடப்பது அவருக்கு அதிசயமாகவே படவில்லை. ஆனால் அம்மை போட்ட வரியை நாங்கள் பத்துப் பேரும் தாண்டிப் போனோம். அவர் தாண்டவில்லை.

பாட்டி சொன்ன பிறகுதான் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். அந்தச் சம்பாத்தியத்தில்தான் எங்கள் ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. மாடி வந்ததும் தறிக்குழியை மண் போட்டு மூடிவிட்டோம். தாத்தா படுத்த படுக்கையாகித் திண்ணையை ஒட்டிய அறைக்குப் போனார். நாலு வருஷம். தூக்கத்திலும் அவருடைய வலது கை மட்டும் தறியில் நாடாவை ஓடவிடும் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் எனக்கு அதைப் பார்த்தால் பயம். கதையில் எலிசெந்தா ஒரு கட்டத்தில், தேவதூதர்கள் நிறைந்த இந்த நரகத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று கத்துவாள். அந்த மாடி வீடு கிழவன் சம்பாதித்தது. அவன் எந்த அறைக்குள் வந்தாலும் துடைப்பத்தால் விரட்டுவார்கள். சிறகு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த வலது கை என்பேன். வரி கேட்டீர்கள், இதோ இந்த வரிகள்தான்.

தாத்தா போன அன்று அம்மா அடுப்படியில் இருந்தாள். செய்தி கேட்டதும் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சுக்காக எத்தனையோ வருஷம் அம்மாவிடம் எனக்குள் ஒரு கோபம் இருந்தது. இதற்கா இவள் காத்திருந்தாள் என்று. கதையின் கடைசிப் பக்கத்தில் எலிசெந்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கிழவன் தட்டுத்தடுமாறிப் பறப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அவளும் பெருமூச்சு விடுகிறாள். தனக்காக ஒன்று, அவனுக்காக ஒன்று என்று இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார் மார்க்கேஸ். அந்த இரண்டாவதைப் படித்த அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். கத்திரிக்காய் கடைசலுக்குப் பக்குவம் கேட்பதுபோலப் பேசிவிட்டு வைத்தேன்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அடுத்து பேராசிரியர் அம்மா பதில் சொல்ல வருவார்கள். ஒரே ஒரு வேண்டுகோள் அம்மா. என் தாத்தாவுக்குத் தொப்புள் இருந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வணக்கம்.