நான்கு கட்டுக் கீரை, ஒரே குடும்பம்

[திரையில்: சமையல் மேடை மேல் நான்கு கட்டுக் கீரை]

இந்த நான்கு கட்டையும் கொஞ்சம் பாருங்கள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை. போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதுதான். மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, "பரவாயில்லை, வாரத்துக்கு நான்கு விதக் கீரை சாப்பிடுகிறோம்" என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான்கும் அமராந்தஸ் என்கிற ஒரே இனத்துச் செடிகள். முளைக்கீரையைப் பிடுங்காமல் விட்டால் வளர்ந்து தண்டுக்கீரை ஆகிறது. அறுக்க அறுக்கத் துளிர்க்கிற அறுகீரைதான் நம் வாயில் அரைக்கீரை ஆனது என்பார்கள். கொல்லையில் தானாக முளைக்கிற குப்பைக்கீரையும் இதே கூட்டம். சரி, ஒரு மாறுதலுக்குப் பாலக் வாங்கலாம் என்றால் அதுவும் அதே பெரிய குடும்பம், பொன்னாங்கண்ணியும் அதே குடும்பம். அண்ணன் தம்பி நான்கு பேரையும், கூடவே சித்தப்பா பையன் இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஊரையே கூப்பிட்டேன் என்று சொன்ன கதைதான்.

இவற்றில் குறை ஒன்றும் இல்லை, நல்ல கீரைகள். ஆனால் தெருமுனையில் கீரைக்கார அக்கா கூடையில் இவற்றுக்குப் பக்கத்திலேயே வேறு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் மதுரைப் பக்கம் சுக்குட்டி என்போமே, அந்த மணத்தக்காளி கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் சொந்தம். அகத்தி அவரை, துவரையோடு பிறந்தது. புளிச்சகீரைக்கு வெண்டைக்காயும் பருத்தியும் உறவு. வல்லாரை கொத்தமல்லிக் குடும்பம், பிரண்டை திராட்சைக் குடும்பம். முருங்கைக்கு மட்டும் சமையலறையில் சொந்தக்காரர்களே கிடையாது, தனிக்கட்டை.

குடும்பம் மாறினால் ருசி மாறும், சட்டியில் அது நடந்துகொள்கிற விதமும் மாறும். நாம் என்ன செய்கிறோம்? எந்தக் கட்டு வந்தாலும் பருப்பு, பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வேகவைத்துக் கடைந்துவிடுகிறோம். அகத்தியை அப்படிக் கடைந்தால் கசக்கிறது, கொடிப்பசலையைக் கடைந்தால் வழவழ என்று சோற்றில் இழுக்கிறது, முருங்கையோ கடைந்தாலும் மசிவதில்லை. உடனே "இந்தக் கீரை நமக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அரைக்கீரைக்கே திரும்பிவிடுகிறோம்.

இதில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். காட்டில் மேட்டில் பறிக்கிற கீரை என்றால் இல்லாதவர்கள் சாப்பாடு என்ற நினைப்பு மிகப் பழையது. சங்கப் பாட்டு ஒன்றில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. இன்றைக்கு நாம் கதவைச் சாத்துவதில்லை, வாங்குவதையே நிறுத்திவிட்டோம்.

[திரையில்: அகன்ற பாத்திரத்தில் கீரை அலசுவது]

எந்தக் கீரையானாலும் முதல் வேலை மண் போக்குவது. அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கீரையை அமிழ்த்தி அலசிவிட்டு, கீரையைக் கையால் மேலே அள்ளி எடுங்கள். வடிதட்டில் பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள், அதற்குப் பிறகு நறுக்குங்கள்.

அடுத்தது மூடி. கீரையைத் திறந்து வைத்து வேகவை என்று அம்மாக்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இலை வெந்ததும் அதிலிருந்து அமிலங்கள் வெளியே வரும். பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது, அமிலம் பட்டால் அது கழன்றுவிடும், பச்சை போய்ப் பழுப்பு வந்துவிடும். மூடாமல் வைத்தால் ஆவியோடு கொஞ்சம் அமிலமும் வெளியேறிவிடுகிறது. குக்கரில் வைத்த கீரை ஏன் மாட்டுச்சாணி நிறத்தில் வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். புளி சேர்ப்பதானால் கடைசியில் சேருங்கள். நான் ஒருமுறை புளித்தண்ணீரிலேயே கீரையை வேகவைத்தேன், அன்று வீட்டில் யாரும் அதைக் கீரை என்றே நம்பவில்லை.

அமராந்தஸ் கூட்டத்துக்கு இவ்வளவு போதும். கைப்பிடி சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர், ஏழெட்டு நிமிடம். உப்பைக் கடைசியில் போடுங்கள், ஏனென்றால் சட்டி நிறைய இருந்த கீரை அரைக் கரண்டி ஆன பிறகுதான் எவ்வளவு உப்பு என்று தெரியும். கீரைச்சட்டியில் மத்தால் கடைந்தால் நார் நாராக, வாயில் தட்டுப்படுகிற மாதிரி வரும். மிக்ஸியில் போடுவதானால் ஒரே சுற்று, இல்லையென்றால் குழந்தைக்கு ஊட்டுகிற கூழ்தான்.

இப்போது கசப்புக்கு வருவோம், அதிகம் பேர் பின்வாங்குவது இங்கேதான்.

[திரையில்: அகத்திக்கீரை கொத்து]

ஏகாதசி விரதம் இருந்துவிட்டு மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை சமைக்கிற வீடுகளில் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள், கசப்பு இருக்கும், ஆனால் தொந்தரவு செய்யாது. அந்த வீட்டுக்காரர்கள் அகத்தியைத் தண்ணீரில் வேகவைப்பதில்லை, இரண்டாவது தடவை அரிசி களைந்த தண்ணீரில் வேகவைப்பார்கள். அதிலிருக்கிற மாவு கசப்பை நாக்கில் நேராக இறங்கவிடாது. இங்கே மட்டும் நான் சற்று முன் சொன்ன உப்பு விதியை மாற்றிக்கொள்ளுங்கள். உப்பு கசப்பை அமுக்கும், அதனால் அளவாக ஒரு சிட்டிகையை முதலிலேயே போட்டுவிட்டு, மிச்சத்தைக் கடைசியில் ருசி பார்த்துப் போடலாம். கீரைக்குச் சமமாகச் சின்ன வெங்காயம், இறக்கும்போது கை நிறையத் தேங்காய்த் துருவல். இன்னும் கசந்தால் சுண்டைக்காய் அளவு வெல்லம். யாழ்ப்பாணத்தில் இதையே தேங்காய்ப்பால் விட்டுச் சொதியாக வைப்பார்கள், தேங்காய்ப்பாலின் கொழுப்பு கசப்பை இன்னும் நன்றாக அடக்கும். செட்டிநாட்டில் மணத்தக்காளிக்குச் செய்கிற தண்ணிச்சாறும் இதே சூத்திரம்தான்: அரிசி களைந்த தண்ணீர், சின்ன வெங்காயம், கடைசியில் தேங்காய்ப்பால், கொதி வருவதற்கு முன் இறக்கிவிட வேண்டும். அகத்தி முதல் தடவையே பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சுக்குட்டித் தண்ணிச்சாற்றில் ஆரம்பியுங்கள், அகத்தி அப்புறம் வரட்டும். சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் பெரியவர்கள் அகத்தியை ஒதுக்கச் சொல்வார்கள், அப்படி மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளலாம்.

புளிப்பு வேறு கதை. புளிச்சகீரைக்குத் தண்ணீரே வேண்டாம், பருப்பும் வேண்டாம், புளி வேண்டவே வேண்டாம். கழுவி ஈரம் போக உலர்த்தி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு வதக்கினால் இரண்டு நிமிடத்தில் தானாகவே சுருண்டு விழுதாகிவிடும், பச்சை மாறிப் பழுப்பும் ஆகிவிடும், பயப்படாதீர்கள், அதன் சொந்த அமிலமே அந்த வேலையைச் செய்கிறது. வறுத்த காய்ந்த மிளகாய், தனியா, அரை ஸ்பூன் வெந்தயம், பூண்டு சேர்த்து அரைத்தால் துவையல். பச்சைத் தண்டு, சிவப்புத் தண்டு என்று இரண்டு வகை வரும். சிவப்புத் தண்டுக்குப் புளிப்பு அதிகம், ஆந்திராக்காரர்கள் கோங்கூரா பச்சடிக்குத் தேடுவது அதைத்தான். அலுமினியச் சட்டியில் மட்டும் செய்யாதீர்கள், புளிப்பு அந்த உலோகத்தை அரிக்கும்.

பருப்புக்கீரையின் புளிப்புக்கு ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் தட்டுப்பாடான காலத்தில் இந்தச் செடி பகலில் இலைத்துளைகளைச் சாத்திக்கொண்டு ராத்திரியில் கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகல் முழுக்க அதைச் செலவு செய்யும். அதனால் விடிகாலையில் பறித்த பருப்புக்கீரை சாயங்காலம் பறித்ததைவிடப் புளிக்கும். தொட்டியில் வளர்க்கிறவர்கள் இரண்டு வேளையும் ஒவ்வோர் இலை கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். இதற்குப் பாசிப்பருப்பு அழகாகச் சேரும், பெயரே சொல்கிறதே.

வழவழப்புக்கு நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. கொடிப்பசலையைத் தண்ணீரில் போடாமல் சூடான எண்ணெயில் போட்டு வேகமாக வதக்கி, சாம்பாரிலோ புளிக்குழம்பிலோ சேர்த்துவிடுங்கள், புளிப்பில் இழுவை குறைந்துவிடும். கடையில் பசலை என்று கேட்டால் சிலர் பாலக்கைத் தருவார்கள், சிலர் கொடிப்பசலையைத் தருவார்கள். இரண்டும் இரண்டு குடும்பம். இலை தடித்து, தண்டு கொடி மாதிரி இருந்தால் கொடிப்பசலை.

[திரையில்: துணியில் சுற்றிய முருங்கைக் கொப்பு]

முருங்கையை ஏன் தள்ளிப்போடுகிறோம்? உருவுகிற வேலை. ராத்திரியே கொப்போடு ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் உதறுங்கள், பாதிக்கு மேல் இலை தானாகக் கொட்டிவிடும். காம்பு கலந்தால் வாயில் குத்தும், அதை மட்டும் பொறுக்கிவிட்டால் போதும். இது மசியாத கீரை, மசிக்கப் பாடுபடாதீர்கள். வெங்காயம் வதங்கியதும் போட்டு, தண்ணீர் தெளித்து, மூடாமல் ஐந்தாறு நிமிடம், இறக்கும் முன் வறுத்துப் பொடித்த வேர்க்கடலை இரண்டு கரண்டி. இல்லையென்றால் கேழ்வரகு மாவில் பிசைந்து அடை தட்டுங்கள். என்னைக் கேட்டால் முருங்கைக்கீரையின் உச்சம் அந்த அடைதான், பொரியல் அதற்கு ஒரு படி கீழே.

கீரை என்றாலே தட்டைத் தள்ளுகிற ஆட்கள் வீட்டில் இருந்தால் முடக்கத்தானை மாவில் அரைத்துவிடுங்கள். இரண்டு டம்ளர் புழுங்கல் அரிசி, அரை ஸ்பூன் வெந்தயம் ஊறவைத்து, இரண்டு கைப்பிடி இலையோடு அரைத்து, ராத்திரி புளிக்கவைத்துத் தோசை ஊற்றலாம். அரைக்கும்போது வருகிற வாடை கல்லில் போய்விடும். அடுத்தது தூதுவளை. இலையின் அடிநரம்பிலும் முள் இருக்கும், கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிட்டு நெய்யில் வதக்கி அரைத்து ரசத்தில் கரைத்தால் மழைக்காலத்துக்கு இதமாக இருக்கும். பிரண்டைக்குக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள்தான் அரிப்பைக் கிளப்புகின்றன, நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் நாக்கில் அரிக்காது.

வேகவைக்காமலே சாப்பிடுகிற ஒன்றும் சொல்ல வேண்டும். வல்லாரையை நம் ஊரில் துவையலாக அரைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்து சம்பலாகத் தட்டில் வைத்துவிடுவார்கள். தேசிக்காய் என்றால் நம் எலுமிச்சை. ஐந்து நிமிட வேலை, அடுப்பே வேண்டாம். வல்லாரை ஈரமான இடத்தில் படர்வது, எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ தெரியாது, அதனால் பச்சையாகச் சாப்பிடுவதற்கு நன்றாக அலச வேண்டும்.

பச்சை என்றதும் ஒரு எச்சரிக்கை. தவசிக்கீரை தெரியும்தானே, மல்டிவிட்டமின் கீரை என்று நாற்றுப் பண்ணைகளில் தருகிறார்களே, அது. 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைப்பதற்காக இதைப் பச்சையாகச் சாறு பிழிந்து நாள்தோறும் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைத்து, திரும்பச் சரியாகாத அளவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. வாரத்தில் ஒருநாள் பொரியலாகச் சமைத்துச் சாப்பிடுவதும், நாள்தோறும் பச்சைச் சாறாகக் குடிப்பதும் ஒன்று அல்ல. எந்தக் கீரையையும் அளவு மீறி ஜூஸ் போட்டுக் குடிக்கச் சொல்கிற வீடியோவைப் பார்த்தால் நான் தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

இன்னும் இரண்டே விஷயம். சிறுநீரகக் கல் தொந்தரவு இருப்பவர்களுக்குப் பாலக்கிலும் தண்டுக்கீரை வகையிலும் உள்ள ஆக்ஸலேட்தான் சங்கடம். நிறையத் தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் அதில் ஒரு பகுதி போய்விடும், ஆனாலும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிர்வேலை செய்யும். மற்றவர்கள் இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியலாம், கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த உதவி வீணாகிவிடும்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கீரைக்கார அக்கா விற்கிறதைத்தான் கொண்டுவருவார், நாம் கேட்காததை அவர் ஏன் சுமக்க வேண்டும்? முதல்நாளே சொல்லி வைத்தால் பெரும்பாலும் கொண்டுவந்துவிடுவார். சாலையோரத்தில் முளைத்ததை உறுதியாக அடையாளம் தெரியாமல் நீங்களே பறிக்க வேண்டாம், சாக்கடையோரத்தில் முளைத்ததைத் தெரிந்தாலும் பறிக்க வேண்டாம். நான் நாளைக்கு அகத்தி சொல்லியிருக்கிறேன். காலையில் அரிசி களைகிற தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள் என்று வீட்டில் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.