பைக்கால்: ஓடிப்போன மகளும் ஒன்றரை மில்லிமீட்டர் காவல்காரனும்

நேயர்களுக்கு வணக்கம்.

பைக்கால் என்றொரு கிழவருக்கு முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். எல்லாரும் ஓடிவந்து அவர் மடியில் விழுவார்கள். அங்காரா என்ற மகள் மட்டும் யெனிசேயைக் காதலித்து, இரவோடு இரவாக வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். கோபத்தில் தகப்பன் ஒரு பாறையைத் தூக்கி அவள்மேல் எறிந்தார்.

சைபீரியாவில் பைக்கால் ஏரிக்கரையில் வாழும் புரியாத் மக்களின் கதை இது. கதைதான், ஆனால் புவியியல் சரியாக இருக்கிறது. ஏரிக்குள் வருவது 300க்கும் மேற்பட்ட ஆறுகள். வெளியேறுவது அங்காரா ஒன்றுதான். அது போய்ச் சேருவது யெனிசே ஆற்றில். அந்தப் பாறையும் இருக்கிறது. 1950களில் இர்குத்ஸ்க் அணை எழும்பி, ஏரியின் மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்ததால், இன்று அதன் நுனி மட்டும்தான் தெரியும்.

கிழவர் என்று சொன்னது சும்மா இல்லை. வயது இரண்டரைக் கோடி ஆண்டுகள். சாதாரண ஏரிகள் சில ஆயிரம் ஆண்டுகளில் வண்டல் சேர்ந்து தூர்ந்துவிடும். இங்கே நிலம் பிளந்துகொண்டே இருப்பதால் பள்ளம் மூடவில்லை. ஆழம் 1642 மீட்டர். உலகின் நிலப்பரப்பில் உறையாமல் கிடக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில்!

அடிமட்டம் வரை ஆக்சிஜன் இருப்பதால் ஆழத்திலும் உயிர்கள் உண்டு. கொலொமியான்கா என்ற மீனைப் பாருங்கள்: கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் உடம்பு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். அதைத் தின்று வாழ்வது நெர்ப்பா, நன்னீரில் மட்டுமே வாழும் ஒரே சீல் இனம். கடல் எங்கோ இருக்க இது எப்படி இங்கே வந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தவர் வேறொருவர். எபிஷுரா. ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள கூனிப்பொடி மாதிரியான உயிர். கோடானுகோடியாகத் திரண்டு, தண்ணீரை வடிகட்டிப் பாசித் துணுக்குகளைத் தின்கிறது. பைக்கால் நீரின் பேர்போன தெளிவுக்கு இதுவும் ஒரு காரணம். குளிர்ந்த நீர்தான் இதற்கு ஒத்துவரும். ஏரியோ வெதுவெதுப்பாகிக்கொண்டு வருகிறது.

இவ்வளவு பெரிய ஏரியை யாரால் கெடுக்க முடியும் என்று தோன்றும். நடு ஏரி இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் கரையோரத்தில். ஊர்களிலும் சுற்றுலா விடுதிகளிலும் இருந்து சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீர் வருகிறது. அந்த உரத்தில் ஸ்பைரோகைரா பாசி செழித்து, கரையில் நாறும் குவியலாக ஒதுங்குகிறது. ஆழமில்லாத இடங்களில் பச்சைக் கிளைகளாக நிற்கும் கடற்பஞ்சு வகை நன்னீர் உயிர்களும் நோயுற்றுச் சாகின்றன. அதற்குக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. சுற்றுலாப் பயணிகள் விரும்பித் தின்னும் ஓமுல் மீன் குறைந்துபோய், 2017இல் வணிக மீன்பிடிப்புக்குத் தடை வந்தது.

அப்புறம் ஒரு காகிதக்கூழ் ஆலை. தென்கரையில் பைக்கால்ஸ்க் ஊரில் 1966இல் தொடங்கியது. எதிர்ப்பும் அப்போதே தொடங்கிவிட்டது. 1996இல் யுனெஸ்கோ ஏரியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2013இல் ஒருவழியாக மூடினார்கள். மூடியது ஆலையை மட்டும்தான். அது கக்கிய பல லட்சம் டன் சேறு, ஏரிக்குப் பக்கத்திலேயே தொட்டிகளில் தேங்கிவிட்டது. தொட்டிகளுக்கு மேலே நிற்பதோ, பெருமழையில் சேறும் கல்லுமாகச் சரியும் மலை.