மரத்துக்குள் ஒரு கை

நேயர்களுக்கு வணக்கம்.

மரத்தில் பெயரைச் செதுக்கினால், மரம் வளர வளர அந்தப் பெயரும் மேலே ஏறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஏறாது. மரம் உயர்வது நுனிகளில்தான். அடிமரம் பருக்க மட்டுமே செய்யும். பட்டைக்கு அடியில் புதுப்புது அடுக்குகள் சேரும். பழையவை உள்ளே இருந்த இடத்திலேயே இருக்கும். நெஞ்சு உயரத்தில் அடித்த ஆணி நாற்பது வருடம் கழித்தும் அதே உயரத்தில்தான் இருக்கும், மரத்துக்குள் புதைந்து.

இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே பெனோனே இதை வைத்தே கலை செய்தவர். பீட்மான்ட் பகுதியில் கரேசியோ என்ற மலையூரில் 1947-ல் பிறந்தவர். 1968-ல் ஊர்ப்பக்கத்துக் காட்டில் ஓர் இளமரத்தைக் கையால் பற்றினார். அந்தப் பிடியை அப்படியே உலோகத்தில் வார்த்து, பற்றிய இடத்திலேயே பொருத்திவிட்டார். அந்த ஓர் இடத்தைத் தவிர மரம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் படைப்பின் தலைப்பே. மரம் விரல்களைச் சுற்றிப் புடைத்துக்கொண்டு வளர்ந்தது. அதே காலத்தில் இன்னொரு மரத்தைக் கட்டித் தழுவி, தன் உடலின் வடிவத்தை ஆணியாலும் கம்பியாலும் அதன்மேல் பதித்தார். இருபத்தொரு வயது இளைஞனின் உடம்பு! அந்த உடம்பு இன்று அவரிடமே இல்லை.

அடுத்த வருடம் எதிர்த்திசையில் போனார். மரவாடியில் கிடைக்கும் சாதாரண உத்தரத்தை எடுத்து, ஒரே ஒரு ஆண்டு வளையத்தை, அதாவது ஒரு வருடத்தில் சேர்ந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே உள்ளதையெல்லாம் செதுக்கி எடுத்தார். தச்சர்கள் குறையாகப் பார்க்கும் கணுக்களை மட்டும் தொடவில்லை. கணு என்பது கிளையின் அடி அல்லவா? உத்தரத்துக்குள்ளிருந்து, கிளைகளோடு ஒரு சிறுமரம் வெளியே வந்தது.

1999 டிசம்பர் புயலில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதில் ஒரு பெரிய தேவதாருவை வாங்கி இதையே செய்தார், 2003-ல் முடித்தார். அசாத்தியமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த உலோகக் கைதான் பெரிது. தேவதாருவில் எதை வைப்பது, எதை நீக்குவது என்பதைச் சிற்பியே முடிவு செய்கிறார். காட்டிலோ, தன் கையை மரத்திடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். அதை என்ன செய்வது என்பது மரத்தின் இஷ்டம்.

தேவதாரு இப்போது டொரான்டோவில், ஒண்டாரியோ கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அங்குள்ள நேயர்கள் போனால், உள்ளே தெரியும் இளமரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போய், பட்டையோடு விடப்பட்ட பகுதியையும் பாருங்கள்.