ஸ்டியரிங் பாரமானால் பம்பைக் கழற்றுமுன்

நேயர்களுக்கு வணக்கம். தலவாக்கலை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் கொழுந்தும் மரக்கறியும் ஏற்றி ஓடும் உழவு இயந்திரங்களில் பவர் ஸ்டியரிங் பாரமாகிவிட்டால், ஸ்டியரிங்குக்கு ஒயிலை அழுத்தி அனுப்பும் பம்பை உடனே கழற்றிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படிக் கழற்றி என்னிடம் கொண்டுவரப்பட்ட பல பம்புகளில் குற்றமே இருந்ததில்லை என்பதால்தான், கழற்றுமுன் செய்யவேண்டிய சோதனைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒயில். மேட்டில் நிறுத்திப் பார்த்தால் ஒயில் மட்டம் பிழையாகத் தெரியும். ஆகவே கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றம் போன்ற ஒரு சமதரையில் நிறுத்திப் பாருங்கள். ஒயிலில் நுரை இருந்தால், பம்புக்கு ஒயில் வரும் ஹோஸிலோ அதன் கிளிப்பிலோ காற்று இழுக்கிறது என்று கொள்ளலாம். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் சிறிது நேரம் ஆறவிடுங்கள். காற்றினால் வந்த வெளுப்புத் தெளிந்துவிடும்; அது தெளியாமல் நின்றால், மழைநீர் உள்ளே போயிருக்கக்கூடும். கருகிய மணம் வந்தால் ஒயில் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம்; முட்டியவுடன் சற்றே விட்டுப் பிடித்தால் போதும்.

அடுத்ததாக, முன் அச்சை ஜக்கில் உயர்த்தி, சில்லுகள் நிலத்தில் படாத நிலையில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் பாரம் குறையாவிட்டால், ஒயில் அழுத்தத்தைச் சந்தேகிப்பதற்கு முன் முன் சில்லு திரும்பும் அச்சாணியான கிங் பின்னையும், ஸ்டியரிங் தண்டுகளை இணைக்கும் பந்து மூட்டுகளையும் பார்க்கவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் உழவு இயந்திரத்துக்கு வேறொரு கராஜில் புதிய பம்ப் பூட்டியிருந்தார்கள். பாரம் மட்டும் போகவில்லை. கிங் பின்னைத் தட்டி எடுத்தபோது செங்கல் தூள்போலத் துரு கொட்டியது. கிரீஸ் என்பது பேருக்கும் இல்லை. அந்தச் சாரதியின் உள்ளங்கைகள் கொப்புளித்திருந்ததை நான் மறக்கவில்லை. டயரில் காற்றுக் குறைந்தாலும் பாரம் கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லுகளை உயர்த்தியபோது இலேசாகத் திரும்பி, நிலத்தில் மட்டும் பாரமாக இருந்தால், அது எப்போது, எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாதக் காலையில் ஒயில் தடித்து முதல் சில நிமிடங்கள் பாரமாக இருப்பது பிழையல்ல. சூடேறிய பிறகு, குறைந்த வேகத்தில் பாரமாகி, எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் இலேசாகுமானால், பம்ப் தேய்ந்திருக்கலாம். பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட் நழுவலாம். ஒரு பக்கம் மட்டும் பாரமென்றால் சிலிண்டரையோ ஸ்டியரிங் வால்வையோ பாருங்கள். எந்த வேகத்திலும் இரு பக்கமும் பாரமென்றால், அழுத்த மானியைப் பூட்டி, அழுத்தம் அளவு மீறாமல் திறந்துவிடும் ரிலீப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்க்கவேண்டும். இதை ஊகத்தில் முடிவு செய்யவே கூடாது. ஹோஸில் கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். ஊசித் துவாரத்தின் வழியே பீறிடும் ஒயில் தோலைத் துளைத்துவிடும். அட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பாருங்கள்.

மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் வழமைக்கு மாறாக இலேசாக இருந்தால், அது பவர் ஸ்டியரிங் பிழையல்ல; பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியின் பாரம் பின்னால் இழுக்க, முன் சில்லுகள் நிலத்தின் பிடியை இழக்கின்றன. பாரத்தைக் குறையுங்கள், முன்புறத்தில் எடை பூட்டுங்கள். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை அணைத்து இறக்கத்தில் உருளவிடும் சாரதிகளிடம் மன்றாடிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். அதன்பின் கையின் பலம் ஒன்றினால்தான் திருப்பவேண்டும், அந்தப் பலம் வளைவில் போதாது. நன்றி, வணக்கம்.