உழுதவன் கணக்கு

விழாத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயா அவர்களே, களத்துமேட்டிலிருந்து நேரே வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

அயர்லாந்துத் தலைவர் மைக்கேல் டேவிட்டின் சிறைவாசம், நிலப்போர், நாடாளுமன்றப் பணி என மூன்றையும் பேசச் சொன்னார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். மேயோ மாவட்டத்தில், குத்தகை விவசாயியான டேவிட்டின் தந்தைக்கு வீடும் மிஞ்சவில்லை. பஞ்சகாலத்துக் குத்தகை பாக்கிக்காக 1850-இல் குடும்பத்தையே வெளியேற்றினார்கள். பிழைக்கப் போன இங்கிலாந்தின் லங்காஷயரில், 11 வயதில், பஞ்சாலை இயந்திரம் பையனின் வலது கையைப் பறித்தது. அயர்லாந்து விடுதலைக்குப் போராடிய ஃபீனியன் புரட்சிக்காரர்களுக்கு ஆயுதம் சேர்த்ததற்காக 1870-இல் 15 ஆண்டுச் சிறை, 1877-இல் விடுதலை. 1879-இல் மேயோவின் காசில்பார் ஊரில், குத்தகை விவசாயிகளுக்காக நிலச் சங்கத்தை அமைத்தார். அதன் தலைவர் பார்னல், தாமே ஒரு நிலக்கிழார்!

மறு ஆண்டு டேவிட் அமெரிக்காவில் நிதி திரட்டிக்கொண்டிருந்தபோது, மேயோவில் எர்ன் பிரபுவின் ஏஜென்ட், கேட்ட அளவுக்குக் குத்தகையைக் குறைக்க மறுத்து, வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். அவர் பெயர் கேப்டன் பாய்காட். ஆம், ‘பாய்காட்’ என்று புறக்கணிப்புக்கே பெயர் கொடுத்தவர் அவரேதான்! ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர் சாமான் தரவில்லை. கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார். வெளுக்கத் துணி எடுக்க ஆளில்லை. உருளைக்கிழங்கும் டர்னிப்பும் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து 50 பேர் தோண்ட வந்தார்கள். அந்த 50 பேருக்குக் காவல் சுமார் ஆயிரம் சிப்பாய்கள்! ஏறக்குறைய 500 பவுண்டு விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு செலவாயிற்று என்றார்கள். உழுதவன் கணக்கில் உழக்கும் மிஞ்சாது, சரி. உழாதவன் கணக்கைப் பார்த்தீர்களா? கடைசியில் பாய்காட், வண்டியோட்டக்கூட ஆள் கிடைக்காமல் ராணுவ ஆம்புலன்சில் ஊரைவிட்டுப் போனார்.

நாடாளுமன்றத்துக்கு வருகிறேன். தாதாபாய் நௌரோஜிக்கு அயர்லாந்துத் தொகுதி ஒன்றைக் கொடுக்கலாம் என்றவர் டேவிட். 1899-இல், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரை எதிர்த்துப் பதவியை உதறினார். மற்றதை வேறொரு மேடையில் பேசுவோம்.

நியாயமான குத்தகையை நிர்ணயிக்க அங்கே 1881-இலேயே நிலக் கோர்ட்டு வந்துவிட்டது. நம்மிடமும் 1955-இலிருந்து சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர், தாம் குத்தகைதாரர் என்று எந்தத் தாளைக் காட்டுவார்? அடங்கல் என்ற கிராமச் சாகுபடிக் கணக்கில் அவர் பெயர் ஏறும்வரை நான் எந்த மேடையிலும் இதையேதான் பேசுவேன். மனுப் படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. கைநாட்டுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தைத் தாசில்தார் ஐயா போடுவார் என்று, அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன்.