குதிரை வாங்கப் போறீங்களா? முதல்ல மோந்து பாருங்க!

[மேஜை மேல பிரிக்காத அட்டைப்பெட்டி]

இந்தப் பெட்டிக்குள்ள ஒரு குதிரை இருக்கு. வயசு முப்பதுக்கு மேல. நிஜக் குதிரை வாங்குறவங்க சுழி பார்ப்பாங்க, வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாங்க. நான் மோந்து பார்க்கப் போறேன்.

[பெட்டியைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய்]

ம்ம்... தப்பிச்சோம். போன தடவை தப்பிக்கல. அந்தக் கதைதான் இன்னிக்கு மெயின் ஐட்டம், ஸ்கிப் பண்ணிடாதீங்க.

புதுசா வந்தவங்களுக்காக வரலாறு, ஒரே மூச்சுல. இது ப்ரையர் குதிரை, சேகரிக்கிறவங்க வாங்குற பொம்மைக் குதிரை. ஏர் ஃப்ரையர் இல்ல, ப்ரையர். சிகாகோவில பிளாஸ்டிக் வார்ப்பு வேலை எடுத்துச் செஞ்ச கம்பெனி. 1950-ல கடிகாரத்தோட சேர்த்து வைக்க ஒரு குதிரை செஞ்சு தரச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. கடைசியில கூலிக்குப் பதிலா அந்த அச்சே இவங்க கையில நின்னுடுச்சு. அச்சு இருக்கு, குதிரையைத் தனியா வித்தா என்ன? வித்தாங்க. இன்னும் விக்கிறாங்க. வரலாறு முடிஞ்சுது.

[அலமாரி]

சைஸ் பல தினுசு. பெரியது 1:9 அளவு, அதாவது நிஜக் குதிரையில ஒம்பதுல ஒரு பங்கு, ஒரு தட்டுல நாலு வச்சாலே ஹவுஸ்ஃபுல். பொடிசு 1:32, உள்ளங்கையில நிக்கும், 1975-ல இருந்து வருது. வீட்டுல இடம் இல்லாதவங்க பொடிசுல ஆரம்பிங்க. வீட்டுல திட்டு வாங்குறவங்களும்.

இப்போ மோப்பக் கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பழைய குதிரை ஒண்ணு வாங்கினேன். போட்டோவுல ராஜா மாதிரி நின்னுச்சு. பெட்டியைப் பிரிக்கிறேன், உள்ள அறையில இருந்து அம்மா குரல்: "ஏண்டி, ஃப்ரைட் ரைஸ் பார்சல் வாங்கினியா?" வினிகர் வாசம்! குதிரையைத் தொட்டா கை பிசுபிசுங்குது. வயித்துல ஒட்டுத் தையல் பிதுங்கி நிக்குது. அதே அச்சுல வந்த இன்னொரு குதிரை எங்கிட்ட இருக்கு, பக்கத்துல வச்சுப் பார்த்தா இது துவைச்சுச் சுருங்கின சட்டை.

சேகரிக்கிறவங்க இதுக்கு வச்சிருக்கிற பேர் 'ஷ்ரிங்கி'. 80-களோட கடைசியிலயும் 90-களோட தொடக்கத்துலயும் வந்த குதிரைங்க சிலதுக்கு இந்தச் சீக்கு வரும். ஏன்னா, இது சாதா பிளாஸ்டிக் இல்ல, செல்லுலோஸ் அசிடேட். மரக்கூழுல இருந்து எடுக்கிற செல்லுலோஸோட அசிட்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்யுறது. நாள்பட சூடும் ஈரமும் சேர்ந்து அந்தக் கோர்வையைப் பிரிச்சா, அமிலம் வெளிய வரும். அசிட்டிக் அமிலம்னா வேற யாரும் இல்ல, வினிகர்ல இருக்கிற அதே ஆளு. வெளிய வந்த அமிலம் சும்மா போகாது, மிச்சம் இருக்கிற கோர்வையையும் இன்னும் வேகமாப் பிரிக்கும். உள்ளயே இருந்து வீட்டை இடிக்கிற வேலை.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இந்தச் சீக்கு வேற எதுக்கு வரும் தெரியுமா? சினிமா பிலிமுக்கு! முன்னாடி இருந்த நைட்ரேட் பிலிம் பொசுக்குனு தீப்பிடிக்கும். அதுக்குப் பதிலாப் பாதுகாப்பான பிலிம்னு வந்ததுதான் இந்த அசிடேட். தீப்பிடிக்கல சரி, ஆனா புளிச்சுப் போச்சு. சுருங்கும், வளையும், புரொஜக்டர்ல ஓடாது. ஆவணக் காப்பகத்துக்காரங்க இதை 'வினிகர் சிண்ட்ரோம்'னே சொல்றாங்க. நம்ம ஊர் மே மாசமும் கடல் காத்தோட ஈரமும் சேர்ந்தா பிலிம் சுருள் கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நல்ல பிரதி கிடைக்கலைன்னு கேள்விப்படுறப்ப எல்லாம் எனக்கு என் குதிரை ஞாபகம்தான் வருது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

சீக்கு வந்த சுருளை மத்ததோட வைக்க மாட்டாங்க. நானும் அதையே செஞ்சேன். காத்துப் போகாத டப்பாவுல மட்டும் அடைச்சுடாதீங்க, அமிலம் உள்ளயே சுத்திச் சுத்தி வேலையைக் காட்டும்.

[கால் உடைந்த குதிரை]

அடுத்த வரவு, 'பாடி'. பதறாதீங்க! காது போன, கால் உடைஞ்ச குதிரையை மறுபடி செதுக்கிப் பெயின்ட் அடிக்கன்னே மலிவா வாங்குவாங்க, அதுக்குப் பேர் பாடி. ஆட்டோவுல போகும்போது போன்ல "பாடி வந்துருச்சா? தலை சரியா இருக்கா? கால் தனியாவா இருக்கு?"ன்னு கேட்டேன். டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! இறங்குறப்ப மீட்டருக்கு மேல ஒரு ரூபா கேக்கல.

கலர் பத்தி ஒண்ணே ஒண்ணு. 1960-களோட முதல் பாதியில ப்ரையர், நிஜத்துல இல்லாத கலர்ல குதிரை விட்டாங்க. தங்கக் கலர், நீலக் கலர். ஓடவே இல்ல. குதிரைப் பிரியருக்குக் குதிரை குதிரையாத்தானே இருக்கணும்? யாரும் வாங்காததால கொஞ்சம்தான் வெளிய போச்சு. கொஞ்சம் இருக்கிறதால இப்போ எல்லாருக்கும் அதுதான் வேணும், விலை தலை சுத்துது. என் கருத்து: நீலக் குதிரை அசிங்கம். யாராவது சும்மா குடுத்தா வாங்கிக்குவேன், முகவரியை மெயில்ல அனுப்புறேன்.

[புதுக் குதிரையை அலமாரியில் வைத்து]

இந்தப் புது ஆளு வந்து நிக்கிறது நான் சொன்ன அதே அச்சு வரிசையில. ஒரே அச்சு, வேற வேற கலர், வரிசையா நிறுத்தினா அதுக்குப் பேர் 'காங்கா'. இப்போ அஞ்சு ஆச்சு. ஆறாவதா வெள்ளையா, கறுப்பா? கமென்ட்ல சொல்லுங்க. நீலம்னு சொல்றவங்களை பிளாக் பண்ணிடுவேன்.

ஷ்ரிங்கி எங்கன்னு கேக்குறீங்களா? தூக்கிப் போட மனசு வரல. வெயில் படாத ஜன்னல் ஓரமா தனியா நிக்குது. அம்மாதான் தினமும் தூசி தட்டுறாங்க. பேரும் அவங்களே வச்சுட்டாங்க.

மஞ்சூரியன்.